ஒரு சாண் வண்டி... அதற்குள் ஒரு குட்டி வீடு!

நான்கு பர்னர் கொண்ட ஸ்டவ். ஒவ்வொரு பர்னரும் ஒரு மிளகு அளவுதான். அதற்கு எதிரே ஒரு கட்டில். இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி வைத்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு. ஜன்னலில் கொசுவலை. மூலையில் துணிமணி வைக்க ஓர் அலமாரி. அந்த அலமாரிக்குள் மூடி போட்ட ஒரு தொட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் வாஷிங் மெஷின்!

இத்தனையும் சேர்ந்த வீடு, ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடையில் வாங்கிய பொம்மை அல்ல. வெறும் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து உருவாக்குவது. மாடல் கட்டுபவர்கள் இதை ‘ஸ்க்ராட்ச் பில்டிங்’ என்கிறார்கள். அதாவது, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஆரம்பிப்பது.

அமெரிக்காவில் பிக்கப் ட்ரக்கின் பின்னால் கேம்பர் எனும் தங்கும் அறையை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிகளில் உலகப்புகழ் பெற்றது ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ரோசினான்டே’. அதைக் குட்டி உருவில் கட்ட உட்கார்ந்தால், கைவேலையோடு சேர்த்து ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையும் மேஜைக்கு வந்துவிடும்.

யாருடைய வண்டி இது?

ஜான் ஸ்டைன்பெக். 1939-ல் வெளியான ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலால் அமெரிக்காவையே உலுக்கியவர். 1960-ல் அவருக்கு வயது 58. உடல்நிலை சரியில்லை. இதயம் பலவீனமாகிக்கொண்டிருந்தது. ‘இத்தனை வருஷம் எந்த நாட்டைப் பற்றி எழுதினேனோ, அந்த நாட்டையே பார்த்துப் பல காலமாகிவிட்டதே’ என்ற உறுத்தல் அவருக்கு.

அதனால் ஒரு ஜி.எம்.சி. பிக்கப் ட்ரக்கை வாங்கினார். முக்கால் டன் ரகம், வி-6 இன்ஜின். அதன் பின்பக்கம் ஒரு சின்னக் கப்பலின் அறையைப் போல ஒரு வீட்டைப் பொருத்தச் சொன்னார். வுல்வரின் என்ற கம்பெனியின் கேம்பர் அது. உள்ளே இரட்டைக் கட்டில், நான்கு பர்னர் ஸ்டவ், ஹீட்டர், ஃபிரிட்ஜ், பியூட்டேன் வாயுவில் எரியும் விளக்கு, ரசாயனக் கழிப்பறை, அலமாரிகள் எல்லாம் உண்டு. காற்றாலையோடு சண்டை போட்ட டான் கிஹோட்டேயின் குதிரைக்கு ரோசினான்டே என்று பெயர். அந்தப் பெயரையே வண்டிக்கு வைத்து, பழைய ஸ்பானிய எழுத்துபோல் பக்கவாட்டில் எழுதவும் செய்தார்.

புறப்படும் முன்பே சோதனை. 1960 செப்டம்பரில் ‘டோனா’ சூறாவளி அவர் வசித்த சாக் ஹார்பரைத் தாக்கியது. அதைத் தாண்டி, அதே மாதம் 23-ம் தேதி கிளம்பினார். துணைக்கு சார்லி என்ற வயதான பூடில் நாய் மட்டும். சுமார் 10,000 மைல் தூரம். வடகிழக்கில் மெய்ன், மேற்கே மொன்டானா, சியாட்டில், பிறந்த ஊரான சலினாஸ், தெற்கே டெக்சாஸ், நியூ ஆர்லியன்ஸ். இந்தப் பயணம்தான் 1962-ல் ‘டிராவல்ஸ் வித் சார்லி’ என்ற புத்தகமாக வந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

‘அப்பாவுக்குத் தன் முடிவு நெருங்குவது தெரிந்திருந்தது. கடைசியாக ஒருமுறை நாட்டைப் பார்த்துவிடத்தான் கிளம்பினார்’ என்பது அவருடைய மூத்த மகன் தாம் பிற்காலத்தில் சொன்ன விளக்கம். 1968 டிசம்பரில் ஸ்டைன்பெக் காலமானார். வண்டி இன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சலினாஸில் உள்ள தேசிய ஸ்டைன்பெக் மையத்தில், பச்சை நிறம் மங்காமல் நிற்கிறது.

கடையில் கிடைப்பது பாதிதான்!

மாடல் கிட் பெட்டியைத் திறந்தால், சட்டங்களில் ஒட்டிய பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, கையேட்டைப் பார்த்து ஒட்ட வேண்டும். அமெரிக்க கார் மாடல்களில் பெரிய பெயர் ஏ.எம்.டி. 1948-ல் டெட்ராய்ட் பகுதியில் தொடங்கிய இந்த நிறுவனம், முதலில் கார் ஷோரூம்களுக்கு விளம்பர மாடல்களைச் செய்துகொடுத்தது. 1958-ல் ‘ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்’ என்ற கிட்களைக் கொண்டுவந்தது. இதில் ஏராளமான அமெரிக்கச் சிறுவர்கள் மயங்கிப்போனார்கள்.

ரோசினான்டேவுக்கு அடித்தளமாக ஏ.எம்.டி.யின் 1960 செவ்ரலே பிக்கப் கிட் உதவும். ‘ஜி.எம்.சி. வண்டிக்கு செவ்ரலே கிட்டா?’ என்று கேட்கலாம். இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துப் பிள்ளைகள். டிரைவர் உட்காரும் கேபின் இரண்டுக்கும் ஒன்றுதான். முகம்தான் வேறு. எனவே முன்பக்க கிரில்லை மட்டும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து நீளம். அந்தக் கால செவ்ரலே பிக்கப்களில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வந்தது. குட்டை வண்டிக்கு 115 அங்குலம், நீள வண்டிக்கு 127 அங்குலம். கேம்பர் சுமப்பதற்கு ஏற்றது நீள வண்டிதான். கிட் குட்டையாக இருந்தால், சேஸிஸையும் பின் தொட்டியையும் வெட்டி நடுவில் துண்டு சேர்க்க வேண்டியதுதான். புது கிட்டில் ரம்பம் வைக்கக் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால், இதில் தயங்கினால் கேம்பர் பொருந்தாது.

கேம்பர்? அது அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. சுவர், கூரை, கதவு, ஜன்னல், ஸ்டவ் எல்லாம் கையால்தான்.

ஓர் அங்குலம் = ஒரு மில்லிமீட்டர்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். 1/25 ஸ்கேலில் இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. அதை 25-ஆல் வகுத்தால் 1.016. அதாவது, நிஜ வண்டியில் ஓர் அங்குலம், மாடலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்! அமெரிக்க அளவுகள் எல்லாம் அங்குலத்தில்தான் இருக்கும் என்பதால், எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆறடிக் கதவு 73 மி.மீ. நம்பர் பிளேட் 12-க்கு 6 மி.மீ. இரண்டடி உயர நாய் 24 மி.மீ.

நிஜ கேம்பரின் வரைபடம் கையில் இல்லையென்றால்? புகைப்படமே அளவுகோல். வண்டியை நேர் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த படமாக இருக்க வேண்டும். 127 அங்குல வீல்பேஸ் மாடலில் 129 மி.மீ. படத்தில் அதே தூரம் 100 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் படத்தில் எதை அளந்தாலும் 1.29-ஆல் பெருக்கினால் மாடலின் அளவு வந்துவிடும். படத்தில் 60 மி.மீ. உயரமுள்ள சுவர், மாடலில் 77 மி.மீ.

இந்த அளவுகளை வைத்து முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்து, வண்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாடலில் இரண்டு மி.மீ. தவறு, நிஜத்தில் இரண்டு அங்குலத் தவறு. கூரை அந்த இரண்டு மி.மீ. உயர்ந்தாலே வண்டி ஏதோ ஐஸ் வண்டிபோல் தெரிய ஆரம்பித்துவிடும். அட்டையில் தெரிந்த தவறுக்குச் செலவு ஒன்றுமில்லை.

கீறு... ஒடி... ஒட்டு!

மூலப்பொருள் பாலிஸ்டைரின் தகடு. எவர்கிரீன் போன்ற நிறுவனங்கள் இதைப் பல தடிமன்களில் விற்கின்றன. சுவருக்கு ஒரு மி.மீ., சின்ன வேலைகளுக்கு அரை மி.மீ. போதும். வரி வரியாகப் பள்ளம் போட்ட தகடும் கிடைக்கிறது. கேம்பரின் வெளிப்புற அலுமினியப் பலகைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

இந்தத் தகட்டை முழுக்க அறுக்கத் தேவையில்லை. இரும்பு ஸ்கேலை வைத்து, கூரான கத்தியால் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறி, மடக்கினால் ‘டக்’கென்று நேர்க்கோட்டில் ஒடிந்துவிடும். ஒரே அழுத்தில் வெட்ட நினைத்தால் கத்தி வழுக்கும். தகடும் போகும், விரலும் போகும்.

ஜன்னல் ஓட்டையில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மூலைகளில் முதலில் சின்னத் துளை போட்டுவிட்டு, பிறகு துளைக்குத் துளை கீற வேண்டும். இல்லையென்றால் கீறல் மூலையைத் தாண்டி ஓடிவிடும். அந்தத் துளையாலேயே ஜன்னல் மூலைகள் லேசாக வளைந்து, நிஜ கேம்பர் ஜன்னலைப்போலவே வந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் திரவம் உண்மையில் பசையே அல்ல. அது பிளாஸ்டிக்கின் மேல்பரப்பை உருக்கி, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிட்டுக் காற்றில் ஆவியாகிவிடும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் ஓரத்தில் பிரஷ்ஷால் தொட்டால் போதும். திரவம் தானே இடுக்குக்குள் ஓடும். அதிகம் ஊற்றினால் தகடே குழைந்துவிடும்.

இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. ஒட்டிய அன்று நேராக நிற்கும் சுவர், சில வாரங்கள் கழித்து உள்பக்கமாகக் குழிந்துபோகலாம். திரவம் முழுதாக ஆவியாகாமல் உள்ளேயே சிக்கிக்கொள்வதுதான் காரணம். அதற்கு மருந்து, ஒவ்வொரு மூலையிலும் சதுரச் சட்டம் ஒட்டுவது, கூரைக்கு அடியில் உத்தரம் கொடுப்பது, அவசரப்படாமல் காய விடுவது. நிஜ வீட்டுக்குத் தூணும் உத்தரமும் எதற்கோ, அதே காரணம்தான் இந்தக் குட்டி வீட்டுக்கும்.

வீட்டுச் சாமான்களே குட்டி வீட்டுக்கும்!

உள் அலங்காரத்தில்தான் கற்பனை விளையாடும். மெல்லிய செப்புக் கம்பியை ஊசியில் சுற்றி எடுத்தால் பர்னர் வளையம் தயார். பழைய நைலான் காலுறை, கொசுவலை ஆகும். டிஷ்யூ பேப்பரில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி மடித்தால் திரைச்சீலை. காய்ந்த பிறகு மடிப்பு கலையாது. மர அலமாரிக்கு, மரம் எதுவும் தேவையில்லை. வெளிர் பழுப்பு நிறம் அடித்து, அது காய்ந்ததும் அடர் பழுப்பு ஆயில் பெயின்ட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் நீளமாக இழுத்தால், மர வரிகள் தானாக விழும்.

ஜன்னல் கண்ணாடிக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். அதை சூப்பர் க்ளூவால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். அதற்கும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் சரி.

இனி அந்த வாஷிங் மெஷினுக்கு வருவோம். ஸ்டைன்பெக் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியை எலாஸ்டிக் கயிற்றில் அலமாரிக்குள் தொங்கவிட்டிருந்தார். அழுக்குத் துணி, தண்ணீர், சோப்புத்தூள் போட்டு மூடிவிட்டு வண்டியைக் கிளப்பினால் போதும். ரோட்டின் குலுக்கலிலேயே துணி துவைந்துவிடும்! மாடலில் அது வெறும் 15 மி.மீ. உயரமுள்ள ஒரு குழாய்த் துண்டும், ஒரு நூலும்தான். ஆனால், பார்ப்பவர்கள் ‘இது என்ன?’ என்று முதலில் கேட்பது அதைப் பற்றியாகத்தான் இருக்கும்.

இத்தனையும் வெளியே தெரிய வேண்டாமா? அதற்காகக் கூரையை ஒட்டாமல், மூடிபோலக் கழற்றி மாட்டும்படி செய்வது வழக்கம். கடைசியாக ஒரு நுணுக்கம். வீட்டையே சுமக்கும் வண்டி, பின்பக்கம் லேசாக அமுங்கித்தான் நிற்கும். பின் ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. தாழ்த்தினால், வெறும் பிளாஸ்டிக் பெட்டிக்குத் திடீரென்று எடை வந்துவிடும்.

படுக்கை கசங்கியிருக்க வேண்டுமா?

எல்லாம் முடிந்ததும், அளவுகோலால் தீர்க்க முடியாத ஒரு கேள்வி எழும். கட்டிலில் போர்வை எப்படி இருக்க வேண்டும்? தினமும் ஒருவர் படுத்து எழுந்ததுபோல் கசங்கியா? மடிப்புக் கலையாமலா?

புத்தகத்தைப் படித்தவர்கள், ‘கசங்கித்தான் இருக்க வேண்டும்’ என்பார்கள். நாயோடு தனியாக, இரவுகளில் வண்டிக்குள் படுத்து நாட்டைச் சுற்றிய மனிதரின் சித்திரம்தான் அதில் இருக்கிறது. ஆனால், 2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியில் பயணம் செய்து, தேதிகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பயணத்தின் பல நாள்களில் மனைவி எலேன் உடன் இருந்திருக்கிறார். பல இரவுகள் ஹோட்டல்களிலும் மோட்டல்களிலும் கழிந்திருக்கின்றன. புத்தகத்தின் சில உரையாடல்கள் நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்று எழுதினார். 2012-ல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரையும், இதை அப்படியே நடந்த கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாசகர்களை எச்சரித்தது.

அப்படியென்றால் எந்த ரோசினான்டேவைச் செய்வது? புத்தகத்தில் ஓடிய வண்டியா, ரோட்டில் ஓடிய வண்டியா, மியூசியத்தில் பளபளக்கும் வண்டியா? மூன்றும் ஒரே வண்டிதான். ஆனால், மூன்றுக்கும் போர்வை வேறு, டயரில் படிந்த புழுதி வேறு.

ஒன்று மட்டும் பொய்யில்லை. அந்த வண்டி நாட்டைச் சுற்றியது. 1960-ன் இறுதியில் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் பள்ளியில் கறுப்பினச் சிறுமி சேர்ந்ததை எதிர்த்துக் கூட்டம் கூடி, அந்தக் குழந்தையைப் பார்த்து வசைபாடியது. அதை நேரில் பார்க்கப் போன ஸ்டைன்பெக், நியூயார்க் நம்பர் பிளேட்டோடு இருந்த ரோசினான்டேவில் போகத் துணியவில்லை. வண்டியையும் சார்லியையும் ஓரிடத்தில் விட்டுவிட்டு டாக்ஸியில் போனதாக எழுதியிருக்கிறார். பார்த்த காட்சி அவரை உலுக்கியது. அதன்பிறகு பயணத்தில் அவருக்கு ஆர்வமே போய்விட்டது.

12-க்கு 6 மி.மீ. அளவில் ஒரு நம்பர் பிளேட்டை வெட்டி ஒட்டும்போது, அது வெறும் அலங்காரம் அல்ல என்பது அப்போதுதான் புரியும். அந்தச் சின்னத் தகட்டுக்காகத்தான் ஒரு பெரிய எழுத்தாளர் தன் வண்டியை மறைத்து வைக்க வேண்டியிருந்தது.

நீங்களும் ஆரம்பிக்கலாம்!

* முதல் முயற்சிக்கு நோபல் எழுத்தாளரின் வண்டி வேண்டாம். ஏதாவது ஒரு பழைய பொம்மை வேனுக்கு மேலே, கூரை கேரியர் ஒன்று செய்து பாருங்கள்.

* பிளாஸ்டிக் தகடு கிடைக்கவில்லையா? அடியில் முக்கோணத்துக்குள் ‘6’ என்று போட்ட தயிர் கப், மூடி போன்றவை பாலிஸ்டைரின்தான். கழுவிக் காயவைத்தால் பயிற்சிக்குப் போதும். நுரைபோல் இருக்கும் தெர்மாகோல் வேண்டாம்; பசை பட்டதும் கரைந்துவிடும்.

* கத்தி, இரும்பு ஸ்கேல், உப்புத்தாள், ஒட்டும் திரவம், ஒரு பிரஷ். ஆரம்பத்துக்கு இவ்வளவுதான் கருவிகள்.

* கத்தியைக் குழந்தைகளிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். ஒட்டும் திரவத்தை ஜன்னல் திறந்த அறையில், அடுப்பு, விளக்கு இல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். அளப்பது, வண்ணம் பூசுவது, திரைச்சீலை மடிப்பது எல்லாம் குழந்தைகள் பங்கு!

* பெயின்ட்டுக்கு முன் சாம்பல் நிற ப்ரைமர் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த கீறல்கள் எல்லாம் அப்போது வெளியே வரும். திருத்தக் கடைசி வாய்ப்பு அதுதான்.

கடையில் கிடைக்காததால்தான் இப்படிப்பட்ட வண்டிகளை மக்கள் கையால் செய்கிறார்கள். அப்பா ஓட்டிய பழைய வேன், தாத்தாவின் சரக்கு ஆட்டோ, சிறு வயதில் குடும்பமே ஏறிப் போன ஜீப்... இவற்றுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் கிட் போடப் போவதில்லை. ஒரு பழைய போட்டோவும், ஒரு ஸ்கேலும், பொறுமையும் இருந்தால், அவற்றில் ஒன்று உங்கள் வீட்டு மேஜைக்கும் வந்து நிற்கும்.

முடித்த பிறகு, கூரையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். போர்வை கசங்கியிருக்க வேண்டுமா, இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.